நிலத்துக்கு மரண வரி போட்டவர்: வில்லியம் ஹார்கோர்ட்டின் கதை

லண்டன் மாநகரின் அரசு அலுவலகங்கள் நிறைந்த வொய்ட்ஹால் தெருவில் 2024 நவம்பர் 19 அன்று ஆயிரக்கணக்கான விவசாயிகள் கூடினர். குழந்தைகள் பொம்மை டிராக்டர்களை ஓட்டிக்கொண்டு முன்னால் சென்றனர். தொழிற்கட்சி அரசின் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அக்டோபர் 30 அன்று தாக்கல் செய்த பட்ஜெட்தான் இந்தக் கோபத்துக்குக் காரணம். அப்பா இறந்து நிலம் பிள்ளைகளுக்கு வரும்போது, விவசாய நிலத்துக்கு அதுவரை இருந்த முழு வரிவிலக்கு இனி ஒரு வரம்புக்கு உட்பட்டே கிடைக்கும் என்று அந்தப் பட்ஜெட் அறிவித்தது.

இந்தச் சண்டை அந்த நாட்டுக்குப் புதிதல்ல. 130 ஆண்டுகளுக்கு முன்பும் ஒரு நடு-இடதுசாரி அரசு, ஒரு நிதியமைச்சர், சொத்து வைத்திருந்தவர்களின் கோபம் என்று இதே காட்சி அங்கு நடந்தது. மற்ற சொத்துகளைப் போலவே நிலத்துக்கும் மரண வரி உண்டு என்று 1894ல் சட்டம் கொண்டுவந்தவர் சர் வில்லியம் ஹார்கோர்ட். அந்த வரி எதற்காக வந்தது, யாரைத் தொட்டது, கடைசியில் அவர் வீட்டு வாசலுக்கே எப்படி வந்து நின்றது என்பதை அறிந்தால், இன்றைய சண்டையின் வேர் புரியும்.

இரண்டாவது மகன்

ஹார்கோர்ட் 1827 அக்டோபர் 14 அன்று இங்கிலாந்தின் யார்க் நகரில் பிறந்தார். தாத்தா யார்க் நகரின் பேராயர். அப்பா பாதிரியார், அறிவியலில் ஆர்வம் உள்ளவர். பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றக் கழகத்தை 1831ல் தொடங்கியவர்களில் முக்கியமானவர். குடும்பத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே நியூனம் என்ற இடத்தில் பெரிய மாளிகையும், அதைச் சுற்றிப் பரந்த பண்ணை நிலங்களும் இருந்தன.

அந்த நிலத்தில் ஹார்கோர்ட்டுக்குப் பங்கு இல்லை. அவர் இரண்டாவது மகன். இங்கிலாந்தின் நிலக்கிழார் குடும்பங்களில் மூத்த மகனுக்கே நிலம் முழுவதும் போகும். நம் ஊரில் அண்ணன் தம்பிகள் வரப்பு போட்டுப் பிரித்துக்கொள்வதுபோல அங்கு பாகம் பிரிப்பது இல்லை. தலைமுறை தலைமுறையாக நிலம் துண்டாகாமல் ஒரே கையில் இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. இளைய மகன்கள் தேவாலயம், ராணுவம், வழக்கறிஞர் தொழில் என்று ஏதாவது ஒன்றைத் தேடிக்கொள்ள வேண்டும்.

ஹார்கோர்ட் வழக்கறிஞர் தொழிலைத் தேர்ந்தெடுத்தார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் படித்து 1854ல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். ஆறடிக்கு மேல் உயரம், பருத்த உடல், உரத்த குரல், எதிராளியைக் குத்தும் பேச்சு. நீதிமன்றத்திலும் பின்னாளில் நாடாளுமன்றத்திலும் அவர் எழுந்தால் சபை நிமிர்ந்து உட்காரும். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தபோது, பிரிட்டன் எந்தப் பக்கமும் சாயாமல் இருக்க வேண்டும் என்று வாதாடி, புனைபெயரில் டைம்ஸ் நாளிதழுக்கு எழுதிய கடிதங்கள் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன. 1869ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவரைச் சர்வதேசச் சட்டப் பேராசிரியராக அமர்த்தியது.

வீட்டில் அவருக்குத் துயரமும் வந்தது. 1859ல் மணந்த முதல் மனைவி 1863ல் மகனைப் பெற்ற கையோடு இறந்துபோனார். லூயிஸ் என்ற அந்த மகனைத் தன் கூடவே வைத்து வளர்த்தார். வளர்ந்தபின் அந்த மகனே அவருக்குச் செயலாளராகவும் வலது கையாகவும் இருந்தார். 1876ல் ஹார்கோர்ட் மறுமணம் செய்துகொண்டார்.

முயலைப் பிடிக்கும் உரிமை

1868ல் லிபரல் கட்சி சார்பில் ஆக்ஸ்ஃபோர்டு தொகுதியில் வென்று நாடாளுமன்றம் சென்றார். நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தவர்தான் என்றாலும், அண்ணன் எட்வர்டு கன்சர்வேட்டிவ் கட்சியில் இருக்க, தம்பி லிபரல் கட்சியில் நின்றார். 1880ல் கிளாட்ஸ்டன் பிரதமரானபோது ஹார்கோர்ட் உள்துறை அமைச்சரானார்.

அந்தப் பதவியில் அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று விவசாயிகளுக்கானது. அன்று இங்கிலாந்தில் உழுதவர்களில் மிகப் பெரும்பாலோர் குத்தகை விவசாயிகள். குத்தகைப் பத்திரத்தில் வேட்டை உரிமையை நிலக்கிழார் தன் கையில் வைத்துக்கொள்வார். வயலில் முயல்கள் கூட்டம் கூட்டமாக வந்து கோதுமைப் பயிரையும் டர்னிப் கிழங்கையும் மேய்ந்தாலும், குத்தகைதாரர் அவற்றைத் தொடக் கூடாது. பயிர் போனாலும் குத்தகைப் பணம் குறையாது. காட்டுப்பன்றியும் மயிலும் மேய்ந்த வயலைப் பார்த்து நிற்கும் நம் ஊர் விவசாயிக்கு அந்த வேதனையைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

ஹார்கோர்ட் 1880ல் கொண்டுவந்த சட்டம், நிலத்தில் பயிர் செய்பவருக்குத் தன் வயலில் முயல்களைக் கொல்லும் உரிமையைத் தந்தது. அதில் ஒரு நுட்பமான பூட்டு இருந்தது. இந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாகக் குத்தகைதாரர் கையெழுத்துப் போட்டாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார். நிலக்கிழார் மிரட்டி எழுதி வாங்கிவிடுவார் என்பதை வழக்கறிஞரான அவர் அறிந்திருந்தார். வேட்டையைப் பெருமையாக நினைத்த நிலக்கிழார்கள் முகம் சுளித்தனர். குத்தகை விவசாயிகள் மகிழ்ந்தனர். நிலத்தின் சொந்தக்காரர் வேறு, உழுபவர் வேறு என்ற உண்மையை மனதில் வைத்து ஹார்கோர்ட் போட்ட முதல் சட்டம் இது. 14 ஆண்டுகள் கழித்து வந்த வரிச் சட்டத்தையும் இந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் சரியாகப் புரியும்.

கோதுமை விலை விழுந்த காலம்

இடைப்பட்ட ஆண்டுகளில் இங்கிலாந்து விவசாயம் படுத்துவிட்டது. 1879ல் விடாத மழையால் அறுவடை நாசமானது. வழக்கமாக விளைச்சல் குறைந்தால் விலை ஏறி விவசாயி ஓரளவு தப்பிப்பார். இந்த முறை விலை ஏறவில்லை. அமெரிக்கப் புல்வெளிகளில் விளைந்த கோதுமை ரயிலிலும் நீராவிக் கப்பலிலும் மலிவாக வந்து இறங்கியது.

1870களின் தொடக்கத்தில் ஒரு குவார்ட்டர் கோதுமை, அதாவது சுமார் 220 கிலோ, 55 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. 1894ல் அதன் சராசரி விலை 22 ஷில்லிங் 10 பென்னி. இருபது ஆண்டுகளில் பாதிக்கும் கீழே. குத்தகைப் பணத்தைக் குறைக்கச் சொல்லி விவசாயிகள் கேட்டனர். கோதுமை விளைந்த கிழக்கு, தெற்கு மாவட்டங்களில் நிலக்கிழார்கள் குறைக்கவேண்டி வந்தது. பல வயல்கள் உழவை விட்டுப் புல்வெளியாயின. விவசாய வீழ்ச்சியை ஆராய 1893ல் அரசு ஒரு ஆணையத்தை அமைத்தது. இப்படிப்பட்ட காலத்தில்தான் நிலத்துக்குப் புது வரி வந்தது. அதனால்தான் எதிர்ப்பும் அவ்வளவு கடுமையாக இருந்தது.

பழைய வரியில் இருந்த ஓட்டை

1892ல் லிபரல் கட்சி மீண்டும் ஆட்சிக்கு வந்து ஹார்கோர்ட் நிதியமைச்சரானார். 1894 தொடக்கத்தில் கடற்படைக்குப் புதுக் கப்பல்கள் கட்ட வேண்டும் என்று அமைச்சரவை முடிவெடுத்தது. அந்தச் செலவை ஏற்காமல் முதிய பிரதமர் கிளாட்ஸ்டன் மார்ச் மாதம் பதவி விலகினார். அடுத்த பிரதமர் பதவி தனக்கு வரும் என்று ஹார்கோர்ட் எதிர்பார்த்தார். விக்டோரியா ராணி ரோஸ்பரி பிரபுவை அழைத்தார். தன்னைவிட 20 வயது இளையவருக்குக் கீழே ஹார்கோர்ட் நிதியமைச்சராகத் தொடர்ந்தார். மனக்கசப்போடு கைக்கு வந்தது ஒரு காலிப் பெட்டி. அந்த ஆண்டு பற்றாக்குறை சுமார் 45 லட்சம் பவுண்டு.

அவர் கண் மரண வரிகள் மேல் விழுந்தது. ஒருவர் இறந்தால் அவர் சொத்துக்கு வரி என்பது அப்போதே இருந்தது. ஆனால் ஐந்து விதமான வரிகள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கணக்கு. ரொக்கம், பங்குப் பத்திரம், கடைச் சரக்கு விட்டுச் சென்றால் அதன் முழு மதிப்புக்கும் வரி. நிலத்தை விட்டுச் சென்றால் அப்படி இல்லை. 1853ல் வந்த விதிப்படி, வாரிசு தன் வாழ்நாளில் அந்த நிலத்திலிருந்து எவ்வளவு வருமானம் அனுபவிப்பார் என்று வயதை வைத்துக் கணக்கிட்டு, அந்தத் தொகைக்கு மட்டும் வரி போட்டனர். வாரிசுக்கு வயது கூடக் கூட வரி குறையும். நிலத்தின் முழு மதிப்பு கணக்கிலேயே வராது.

இதன் விளைவைப் பாருங்கள். சிறிய கடைக்காரர் ஒருவர் சேர்த்துவைத்த 5,000 பவுண்டு அவர் மகனுக்குப் போகும்போது, அதே மதிப்புள்ள நிலத்தைப் பெறும் மகனைவிடக் கூடுதல் வரி கட்ட வேண்டும். நாட்டின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு 7,000 பேருக்கும் குறைவானவர்களின் கையில் இருந்த காலம் அது. சட்டம் எழுதிய சபைகளில் அவர்களே நிறைந்திருந்தனர்.

1894 பட்ஜெட்

உள்நாட்டு வருவாய்த் துறையின் தலைவர் ஆல்பிரட் மில்னரின் உதவியோடு ஹார்கோர்ட் புதுத் திட்டத்தைத் தயாரித்தார். அதன் தூண்கள் மூன்று.

முதலாவது, நிலமோ ரொக்கமோ எல்லாச் சொத்துக்கும் ஒரே எஸ்டேட் வரி. இரண்டாவது, இறந்தவர் விட்டுச் சென்ற அனைத்தையும் ஒன்றாகக் கூட்டி, அந்த மொத்தத்தின்மேல் வரி. யாருக்கு எவ்வளவு பங்கு என்று பார்ப்பதில்லை. மூன்றாவது, சொத்து கூடக் கூட வரி விகிதமும் கூடும். இந்த மூன்றாவது அம்சம்தான் எதிரிகளை அதிகம் பயமுறுத்தியது.

100 பவுண்டுக்கு உட்பட்ட சொத்துக்கு வரி இல்லை. 100 முதல் 500 பவுண்டு வரை 1 சதவீதம். 1,000 முதல் 10,000 பவுண்டு வரை 3 சதவீதம். படிப்படியாக ஏறி, 10 லட்சம் பவுண்டுக்கு மேல் 8 சதவீதம். இன்றைய கண்ணுக்கு இது சிறிய வரி. ஆனால் சொத்து பெரியதாக இருந்தால் விகிதமும் உயரலாம் என்ற கொள்கை ஒருமுறை சட்டமாகிவிட்டால், எட்டு எண்பதாக எவ்வளவு நாள் ஆகும் என்று எதிர்த்தவர்கள் கேட்டனர். அந்தப் பயம் வீண் பயம் அல்ல என்பதைப் பின்னால் பார்ப்போம்.

எதிர்ப்பு சொந்தக் கட்சியில் இருந்தே தொடங்கியது. பிரதமர் ரோஸ்பரியே பெரிய நிலக்கிழார். பெரிய சொத்துகள் உடையும், கட்சிக்கு மிஞ்சியிருக்கும் வசதியான ஆதரவாளர்களும் ஓடிவிடுவார்கள் என்று அவர் எழுத்து மூலமே ஆட்சேபம் தெரிவித்தார். ஹார்கோர்ட் அதற்குக் காரசாரமாகப் பதில் எழுதினார். ஓய்வில் இருந்த கிளாட்ஸ்டனுக்கும் இந்த வரி பிடிக்கவில்லை. எதிர்க்கட்சிப் பக்கம் டெவன்ஷயர் பிரபு போன்றவர்கள், இனிமேல் மாளிகைகளையும் பண்ணைகளையும் முன்போல் பராமரிக்க முடியாது என்று மேடை ஏறிப் பேசினர்.

நாடாளுமன்றத்தில் விவாதம் வாரக்கணக்கில் நீண்டது. மசோதாவின் ஒவ்வொரு பிரிவையும் ஹார்கோர்ட் பொறுமையாக விளக்கி நகர்த்தினார். முன்கோபி என்று பெயரெடுத்தவர் அந்தக் கோடையில் காட்டிய நிதானத்தை எதிராளிகளும் பாராட்டினர். ஜூலையில் இறுதி வாக்கெடுப்பில் 20 வாக்கு வித்தியாசத்தில் மசோதா வென்றது. ஆகஸ்ட் மாதம் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

பண்ணை நிலத்துக்கு விட்ட வழி

விவசாயம் வீழ்ந்திருந்த நேரத்தில் ஹார்கோர்ட் கண்ணை மூடிக்கொண்டு வரி போட்டாரா? இல்லை. சட்டத்துக்குள் நிலத்துக்கென இரண்டு வழிகள் இருந்தன. நம் விரிவாக்கப் பணியாளர்களும் இதைக் கவனிக்கலாம்.

ஒன்று, மதிப்பிடும் முறை. விவசாய நிலத்தின் மதிப்பு, அதன் ஆண்டு வருமான மதிப்பைப் போல 25 மடங்குக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்தனர். நகரம் வளர்ந்து மனைக்கு விலை ஏறும் என்ற எதிர்பார்ப்பு உள்ள நிலத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. உழவுக்கு மட்டுமே பயன்படும் நிலத்தை, அது தரும் வருமானத்தை வைத்தே அளக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

இரண்டு, தவணை. ரொக்கம் பெற்ற வாரிசு உடனே கட்ட வேண்டும். நிலம் பெற்ற வாரிசு எட்டு ஆண்டுத் தவணையாகவோ, பதினாறு அரையாண்டுத் தவணையாகவோ கட்டலாம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 150 பவுண்டு வருமானம் தரும் பண்ணை ஒன்று. 25 மடங்கு என்றால் அதிகபட்ச மதிப்பு 3,750 பவுண்டு. வேறு சொத்து இல்லை என்று வைத்துக்கொண்டால் வரி 3 சதவீதம், அதாவது 112 பவுண்டு 10 ஷில்லிங். எட்டுத் தவணையாகப் பிரித்தால் ஆண்டுக்கு 14 பவுண்டுக்குச் சற்று மேல், வட்டி தனி. எட்டு ஆண்டுகளுக்கு வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு. சுமைதான், ஆனால் நிலத்தை விற்காமல் கட்டிவிடக் கூடிய சுமை. கடன் உள்ள பண்ணைக்கும், அடுத்தடுத்து இரண்டு சாவு விழுந்த வீட்டுக்கும் இதே கணக்கு கழுத்தை நெரிக்கும். அடுத்தடுத்த மரணங்களுக்கு வரிக் குறைப்பு தரும் விதி 1914ல்தான் வந்தது. முதல் மரணம் நடந்து ஓராண்டுக்குள் அடுத்தவரும் இறந்தால் நிலத்துக்கு வரி பாதி என்றும், ஐந்து ஆண்டு வரை படிப்படியாகக் குறையும் சலுகை என்றும் அப்போது விதித்தனர்.

தோற்றவர் போட்ட வரி நிலைத்தது

1895 ஜூனில் ரோஸ்பரி அரசு கவிழ்ந்தது. அடுத்து நடந்த தேர்தலில் கன்சர்வேட்டிவ் அணி 411 இடங்களைப் பிடித்தது. லிபரல் கட்சிக்குக் கிடைத்தவை 177. டெர்பி தொகுதியில் ஹார்கோர்ட்டே தோற்றார். அவர் ஆதரித்த மதுக்கடைக் கட்டுப்பாட்டு மசோதாவும் அதற்கு ஒரு காரணம். அயர்லாந்து சிக்கல், தலைவர்களின் சண்டை என்று கட்சித் தோல்விக்குப் பல காரணங்கள் இருந்தன. வேறு தொகுதியில் நின்று அவர் சபைக்குத் திரும்பி, 1898 வரை அங்கே கட்சியை வழிநடத்தினார்.

புதிய அரசு நிலக்கிழார்களின் அரசு. எஸ்டேட் வரியை அவர்கள் தூக்கி எறிவார்கள் என்று பலர் எதிர்பார்த்தனர். எறியவில்லை. வந்துகொண்டிருந்த வருவாயை விட எந்த நிதியமைச்சருக்கும் மனம் வராது. அதற்குப் பதிலாக 1896ல் விவசாய நிலத்தின் உள்ளாட்சி வரியைப் பாதியாகக் குறைத்தனர். ஒரு கையால் எடுத்த வரியை வைத்துக்கொண்டு, மறு கையால் சலுகை தந்தனர்.

எதிர்த்தவர்கள் பயந்ததும் நடந்தது. உச்ச விகிதம் 1909ல் லாயிட் ஜார்ஜின் பட்ஜெட்டில் 15 சதவீதமானது. முதல் உலகப் போர் முடிந்தபின் 1919ல் 40 சதவீதமானது. போரில் அப்பாவும் மகனும் அடுத்தடுத்து மாண்ட குடும்பங்கள் இருந்தன. போரை ஒட்டிய ஆண்டுகளில் பெரும் பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. அவற்றில் பலவற்றை வாங்கியவர்கள் அங்கேயே உழுதுகொண்டிருந்த குத்தகை விவசாயிகள். அதற்கு வரி மட்டும் காரணம் அல்ல. விழுந்த குத்தகை, ஏறிய கடன், நிலத்துக்கு அப்போது கிடைத்த நல்ல விலை எல்லாம் சேர்ந்தே நிலக்கிழார்களை விற்கவைத்தன. எப்படியோ, உழுபவரே சொந்தக்காரர் என்ற நிலை இங்கிலாந்தில் மெல்ல வளர்ந்தது.

தன் வீட்டு வாசலில்

ஹார்கோர்ட் நியூ ஃபாரஸ்ட் காட்டுப் பகுதியில் மால்வுட் என்ற வீட்டைக் கட்டி அங்கே வாழ்ந்தார். 1902ல் அரசர் ஏழாம் எட்வர்டு பிரபு பட்டம் கொடுக்க முன்வந்தபோது வேண்டாம் என்று மறுத்தார். அரசியலில் இருந்து ஒதுங்கும் வயதும் வந்தது.

அந்த நேரத்தில் எதிர்பாராத ஒன்று நடந்தது. நியூனம் எஸ்டேட் அண்ணன் எட்வர்டு 1891ல் இறந்தபின் அவர் மகன் ஆப்ரேயிடம் இருந்தது. திருமணம் செய்துகொள்ளாத ஆப்ரே 1904ல் இறந்தார். நேரடி வாரிசு இல்லாததால், பிறந்தபோது பங்கில்லாத இரண்டாவது மகனிடமே, 76 வயதில், குடும்ப நிலம் வந்து சேர்ந்தது. கூடவே எஸ்டேட் வரியும் வந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் தான் எழுதிய சட்டத்தின்படி தானே கணக்குக் காட்ட வேண்டிய நிலை. நிலமோ விவசாய வீழ்ச்சியில் மெலிந்திருந்தது. அவரை எதிர்த்தவர்கள் இதைச் சொல்லிச் சிரித்திருப்பார்கள்.

நியூனத்துக்குக் குடிபோன சில மாதங்களில், 1904 அக்டோபர் 1 அன்று, ஹார்கோர்ட் அங்கேயே காலமானார். எஸ்டேட் மகன் லூயிஸிடம் போனது. மாளிகையைப் புதுப்பிக்கப் பணம் தந்தது நிலம் அல்ல. லூயிஸின் மனைவி அமெரிக்க வங்கியாளர் ஜே.பி. மார்கனின் உறவுப் பெண். அந்த வழியில் வந்த பணமே மாளிகையை நிமிர்த்தியது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் நியூனம் மாளிகை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கைக்குப் போனது.

அன்றும் இன்றும்

ஹார்கோர்ட்டின் வரி தொட்டது பெரும்பாலும் குத்தகை வாங்கிய கையை, உழுத கையை அல்ல. 2024ல் லண்டனில் கூடியவர்களில் பலர் உழுபவர்கள், கூடவே நிலத்தின் சொந்தக்காரர்கள். 1894ல் குத்தகைதாரர் கைதட்டிப் பார்த்த வரி, இன்று அவர் வழித்தோன்றலின் கதவைத் தட்டுகிறது. ஒரே பெயருள்ள வரி என்றாலும் நிலம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது தொடும் ஆள் மாறுகிறார்.

மாறாதது ஒன்று உண்டு. நிலத்தின் விலைக்கும் நிலம் தரும் வருமானத்துக்கும் உள்ள இடைவெளி. இங்கிலாந்தில் பண்ணை நிலத்தின் விலை ஏறியிருக்கிறது. பணக்காரர்கள் வரியைத் தவிர்க்கவே நிலம் வாங்குகிறார்கள் என்பது தொழிற்கட்சி அரசின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. 1992 முதல் இருந்த 100 சதவீத விலக்கு அந்த வாசலைத் திறந்து வைத்திருந்தது. ஆனால் காகிதத்தில் கோடீஸ்வரராகத் தெரியும் விவசாயியின் கையில் ரொக்கம் இருப்பதில்லை என்பதும் உண்மை.

முதல் அறிவிப்பின்படி 10 லட்சம் பவுண்டு வரை முழு விலக்கு, அதற்கு மேல் பாதி விலக்கு, 2026 ஏப்ரல் முதல் நடைமுறை என்று இருந்தது. ஓராண்டுக்கு மேல் நீண்ட எதிர்ப்புக்குப்பின் 2025 டிசம்பரில் அரசு அந்த வரம்பை 25 லட்சம் பவுண்டாக உயர்த்தியது. 35 லட்சம் பவுண்டு மதிப்புள்ள பண்ணை என்றால், மற்ற விலக்குகளைக் கணக்கில் எடுக்காமல், வரம்புக்கு மேலுள்ள 10 லட்சத்துக்கு 20 சதவீத வீதம் 2 லட்சம் பவுண்டு வரி. வட்டியில்லாமல் பத்து ஆண்டுத் தவணையில் கட்டலாம். தவணை என்ற யோசனை ஹார்கோர்ட்டின் சட்டத்திலேயே இருந்தது. வருமானத்தை வைத்து மதிப்பிடும் அவருடைய 25 மடங்கு வரம்பு மட்டும் இன்றைய சட்டத்தில் இல்லை.

இந்தியாவுக்கு வந்த வரி

ஹார்கோர்ட்டின் சட்டத்துக்கு நம் நாட்டிலும் ஒரு வாரிசு உண்டு. 1953ல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய எஸ்டேட் வரிச் சட்டம் 1894ன் பிரிட்டிஷ் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டது. வசூலைவிட வழக்கும் அலைச்சலும் அதிகம் என்று 1985ல் அது கைவிடப்பட்டது. அந்த ஆண்டு மார்ச் 16 முதல் நிகழும் மரணங்களுக்கு அந்த வரி இல்லை என்று அன்றைய நிதியமைச்சர் வி.பி. சிங் அறிவித்தார்.

வாரிசு வரி மீண்டும் வருமா என்ற பேச்சு 2024 மக்களவைத் தேர்தலில் எழுந்து அடங்கியது. கிராமங்களில் இதைப் பற்றிக் கேள்வி வந்தால் ஒரு விவரத்தை நினைவில் வைக்கலாம். நமது அரசியல் சட்டத்தில் விவசாய நிலத்தின் வாரிசு வரியும் எஸ்டேட் வரியும் மாநிலப் பட்டியலில் 47, 48ஆம் இனங்களாக உள்ளன. மற்ற சொத்துகளுக்கான வரி மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. நிலம் சம்பந்தப்பட்ட இந்த அதிகாரம் மாநிலங்களிடம்தான் இருக்கிறது.

ஹார்கோர்ட் நிலத்துக்கு விரோதியும் அல்ல, விவசாயிக்குக் காவலரும் அல்ல. கடைக்காரர் மகன் கட்டும் வரியை நிலக்கிழார் மகனும் கட்ட வேண்டும் என்று நினைத்த வழக்கறிஞர். அதே நேரத்தில் நிலம் என்பது பணப்பெட்டி போன்றது அல்ல, அதை விளைச்சலை வைத்து அளக்க வேண்டும், கட்ட அவகாசம் தர வேண்டும் என்பதையும் சட்டத்தில் எழுதினார். வரி வேண்டுமா வேண்டாமா என்று இரு தரப்பும் இன்னும் வாதாடட்டும். ஒரு பண்ணையின் மதிப்பை எந்த அளவுகோலால் அளக்கிறார்கள், கட்ட எத்தனை ஆண்டு தருகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளில்தான் அடுத்த தலைமுறை அந்த நிலத்தில் உழுமா என்பது முடிவாகிறது.